ஐந்து பேருக்கு மட்டும் அனுமதி

அன்புள்ள ரெஜி,

இது நீளமான கடிதம். வேலைக்கு நடுவே கைப்பேசியில் பாதி படித்துவிட்டு நீ வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தாளில் எழுதித் தபாலில் அனுப்புகிறேன். எதையும் சொல்வதற்கு முன்பு சொல்லப்போவதை வரிசைப்படுத்திக்கொள்வது என் பழக்கம். கரும்பலகையின் இடது மூலையில் அன்றைய தலைப்புகளை எழுதாமல் நான் ஒரு கணக்கு வகுப்பையும் தொடங்கியதில்லை. நீ சிரிப்பாய். இப்போதே சிரித்துவிடு, பின்னால் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

1. நீ கேட்ட கல்யாணப் பட்டியல் ஏன் இன்னும் வரவில்லை என்பது.
2. உன் வாயை நான் முதல் முறை பொத்திய நாள்.
3. உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்ட வாசலில் உண்மையில் நடந்தது.
4. ஆகவே, தலைவர்மேல் நீ காட்டிய கோபம் ஆள் மாறிப் போன கோபம் என்பது.
5. நான் உன்னிடம் கேட்பது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு சென்னையிலிருந்து நீ பேசினாய். "டாடி, லிஸ்ட் நீங்களே போட்டுடுங்க. உங்களை மாதிரி யாராலயும் போட முடியாது. ஆனா முதல் பேரு ஃபிலோ சித்தி. அன்னைக்கு அந்தப் போலீஸ்காரன் கேட்டுலயே நிறுத்தினான் இல்ல? இப்ப சர்ச்ல ஃபர்ஸ்ட் பெஞ்ச். அம்மா எடத்துல அவங்கதான் நிக்கணும்" என்றாய். நான் "சரிம்மா" என்றேன். நீ உற்சாகமாகப் பூ அலங்காரம் பற்றிப் பேசிக்கொண்டே போனாய், அதற்கெல்லாமும் "சரிம்மா" என்றேன். பேசி முடித்ததும் நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். பெயர், ஊர், அழைப்பிதழ் நேரிலா தபாலிலா, சைவமா அசைவமா என்று கட்டங்கள் பிரித்தேன். பெண் வீட்டுச் சொந்தம், மாப்பிள்ளை வீட்டார், பங்குக் கோவில் ஆட்கள், என் பழைய பள்ளிக்கூடத்தார், உன் அலுவலகத்தார் என எல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. முதல் வரி மட்டும் காலியாக இருந்தது. பேனாவை அந்த வரிக்குக் கொண்டுபோவேன், மூடிவைப்பேன். உன் அம்மாவின் ஒரே தங்கையின் பெயரை எழுத எனக்குப் பத்து நாட்களாகக் கை வரவில்லை. ஏனென்றால் அவள் பெயரை ஒருமுறை ஒரு பட்டியலில் எழுதாமல் விட்டவன் நான். அது உனக்குத் தெரியும். எழுதாமல் விட்டதற்குப் பிறகு செய்ததுதான் உனக்குத் தெரியாது.

அதற்கு முன்பு உன் எட்டாவது வயதுக்குப் போக வேண்டும். ஆற்றுத் தண்ணீர்த் தகராறு முற்றிப்போய், இந்தக் கன்னட ஊரில் தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டிகளைத் தேடிக் கொளுத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. நம் வீட்டுச் சுவரிலிருந்த தமிழ் நாட்காட்டியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வாசலில் என் பெயர் தமிழிலும் எழுதியிருந்த பலகையைத் திருப்பி மாட்டினேன். உன் அம்மா, "நம்ம தெருவுல பாதி வீடு நம்ம ஆளுங்க, மீதிப் பாதிக்கு நம்மள முப்பது வருஷமாத் தெரியும், யாருக்குங்க பயப்படுறீங்க?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தை மதியமே மூடிவிட்டார்கள். உன்னை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, வழியில் கூட்டமாக இருக்கிறது என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நீ பஸ் நடுவில் நின்று, "டாடி, நம்ம ஸ்டாப் வரலயே, எதுக்கு எறங்கணும்?" என்று தமிழில் கத்தினாய். என் வலது கையால் உன் வாயைப் பொத்தினேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "பாப்பா, மகு சார், பிடி" என்றார். பாவம், குழந்தை, விடுங்கள் என்று அர்த்தம். அந்தக் கன்னடக்காரர் விடச் சொன்ன பிறகும் நான் விடவில்லை. வீடு வரும்வரை மூன்று தெரு, உன் வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அன்று நம்மை யாரும் ஒன்றும் செய்யவில்லை. நாம் வீடு வந்து சேர்ந்ததற்கு என் கைதான் காரணம் என்று நான் நெடுங்காலம் நம்பினேன்.

இனி மூன்றாவது. இதை எழுதும்போது எழுத்து கோணலாகப் போனால் வயது என்று எடுத்துக்கொள். உன் அம்மா போனது கொரோனா இரண்டாவது அலையின் நடுவில். அந்த நோயால் அல்ல. காலையில் பால் காய்ச்ச எழுந்தவள் அடுப்படியிலேயே உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஆனாலும் சட்டம் எல்லாச் சாவுக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. அடக்கத்துக்கு ஐந்து பேர். ஐந்து பெயரையும் எழுதிக் காவல் நிலையத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு வர வேண்டும். நீ உள்ளறையில் அம்மாவின் தலைமாட்டில் இருந்தாய். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெட்டியைத் தூக்க நாலு ஆண்கள் வேண்டும். நான், உன் பெரிய மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இருவர், ஆக நாலு. ஐந்தாவது நீ. கணக்கு மீதமில்லாமல் முடிந்தது. பரீட்சைக்கு இருக்கை எண் ஒதுக்குகிற மாதிரிதான் அதைச் செய்தேன். சரியாக வந்துவிட்டது என்று ஒரு கணம் திருப்திகூடப் பட்டேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். பிறகு ஃபிலோவுக்குப் போன் செய்து, "பஸ் இல்ல, அனுமதியும் இல்ல, வராதேம்மா, அங்கிருந்தே செபம் பண்ணிக்கோ" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் ரோடு வழியாக, மேம்பாலத்தின் நிழலிலேயே, மூன்று இடத்தில் போலீஸிடம் கெஞ்சி, அவள் நடந்து வந்தாள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து முழங்கால் வீங்கிப்போனவள். கையில் ஒரு துணிப்பை. அதில் பிறந்த வீட்டுக் கோடி. சுமங்கலியாகப் போகிறவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும் என்பது நம் இரு குடும்பத்திலும் தவறாத வழக்கம், உனக்குத் தெரியும். அவர்கள் அம்மா அப்பா இல்லாத நிலையில் அந்தக் கடமை ஃபிலோவுடையது. பெரிய மாமா அவசரத்தில் வெறும் கையோடு வந்துவிட்டார். கடைகளும் இல்லை. இவள் தன் பெட்டியிலிருந்த, கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்த பச்சைச் சேலையைக் கொண்டுவந்திருந்தாள்.

வண்டி வந்து நின்றதும் நீயும் மாமாவும் பெட்டியோடு உள்ளே போனீர்கள். பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் காலையில் காய்ச்சல் கண்டுவிட்டதால் அவன் வரவில்லை என்பதும், குழி வெட்டுகிறவரும் வண்டி ஓட்டுநரும்தான் மீதித் தோள்களாக வந்தார்கள் என்பதும் உனக்கு நினைவிருக்கும். நான் வாசலில் தாளைக் காட்ட நின்றேன். ஒரு நடுத்தர வயதுக் கான்ஸ்டபிள் தலை எண்ணினார், தாளைப் பார்த்தார், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஃபிலோவைப் பார்த்தார். அவள் மாஸ்க்கை இறக்கி என்னைப் பார்த்து, "மாமா" என்றாள். அவர் என்னிடம், "ஒப்ரு கம்மி இதாரல்வா சார்? ஹோக்லி பிடி, ஒளகே கள்சி" என்றார். ஒருவர் குறைகிறாரே, போகட்டும் விடுங்கள், உள்ளே அனுப்புங்கள் என்றார், ரெஜி. அந்த வார்த்தைகளை நான் ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருக்கிறேன். எந்தப் போலீஸ்காரரும் உன் சித்தியைத் தடுக்கவில்லை. நான் குரலைத் தாழ்த்திக் கன்னடத்தில் சொன்னேன்: "இல்லா சார், அவர ஹெசரு லிஸ்ட்ல இல்லா." அவள் பெயர் பட்டியலில் இல்லை என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நிம் இஷ்டா" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். உங்கள் இஷ்டம். இன்றுவரை யாரும் என்னிடம் அவ்வளவு மெல்லிய குரலில் அவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை.

ஏன் செய்தேன்? நூறு முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். தாளில் இருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் ஆள் வேறு என்று யாராவது பிறகு வந்து கேட்டால், நாளைக்கு உனக்கு ஏதாவது வந்தால், கான்ஸ்டபிளே சோதித்துப் பார்க்கிறாரோ, என்றெல்லாம் அந்த அரை நிமிடத்தில் தோன்றியது. எல்லாம் பயத்துக்குப் பின்னால் சேர்த்த காரணங்கள். அவள் பையிலிருந்து சேலையை எடுத்துக் கயிற்றுக்கு மேலே நீட்டி, "இதையாவது போத்திடுங்க மாமா" என்றாள். பெட்டி மூடியாகிவிட்டது என்று சொன்னேன். மூடவில்லை. குழிக்குப் பக்கத்தில் சாமியார் செபம் சொல்லும்வரை உன் அம்மாவின் முகம் திறந்துதான் இருந்தது, நீதான் நெற்றியில் முத்தமிட்டாய். வெளியே வரும்போது ஃபிலோ அங்கே இல்லை. வண்டி ஏறியதும் நீ, "சித்தி வந்திருந்தாங்களா? யாரோ கேட்டுல நின்ன மாதிரி இருந்துச்சு" என்று கேட்டாய். "வந்தாள், போலீஸ் விடவில்லை" என்றேன். இப்படித்தான் அந்தப் போலீஸ்காரன் பிறந்தான்.

நாலாவது விஷயத்தில் உன்னோடு எனக்கு வழக்கு இருக்கிறது. அதனால் அன்று நடந்ததை நான் பார்த்தபடி முதலில் சொல்கிறேன். உன் அம்மா போன அடுத்த மாதம், நம் பகுதிக் கட்சித் தலைவர் கோவில் பக்கத்துத் தெருவில் அரிசி மூட்டை கொடுக்க வந்தார். சுண்ணாம்பால் போட்ட வட்டங்களில் சனங்கள் காலையிலிருந்து நின்றார்கள். பங்குக் கோவில் சார்பில் நான் டோக்கன் பட்டியலோடு மேசையில். அவர் வெயில் ஏறிய பிறகு வந்தார், முன்னும் பின்னும் முப்பது பேர், தோளோடு தோள் உரசிக்கொண்டு. வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர், "பாருங்க, வட்டத்துல நாம நிக்கணும், அவரு கூட்டத்துலதான் வருவாரு" என்றார். பூக்காரம்மா, "சும்மா இருய்யா, அரிசிய வாங்கிட்டுத் திட்டு" என்றாள். அந்த வாரம்தான் தலைவர் வீட்டுக் கல்யாணப் படங்கள் எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தன. பந்தி பந்தியாகச் சாப்பாடு, ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை. அந்த மனிதர் மைக்கைப் பிடித்து, "வீட்டு விசேஷங்களத் தள்ளிப் போடுங்க, சாவு வீட்டுக்குக் கூட்டமாப் போகாதீங்க, கட்டுப்பாடா இருங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். "யாரு சிரிக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த நீ, டிபன் கேரியரை மேசைமேல் வைத்துவிட்டு வட்டங்களின் நடுவே நடந்து போனாய். "சிரிச்சது நான் இல்ல சார், ஆனா கேக்குறேன். எங்கம்மா சாவுக்கு அஞ்சு பேரு. கூடப்பொறந்தவங்க பொம்மனஹள்ளியிலருந்து நடந்தே வந்தாங்க, உங்க போலீஸ் கேட்டுலயே நிறுத்திடுச்சு. உங்க வீட்டுக் கல்யாணத்துல எத்தனை பந்தி சார்? அந்தக் கேட்டுல யாரு நின்னா?" ஆட்டோக்காரர், "உத்தர கொடி சார்! பதில் சொல்லுங்க!" என்றார். "கேளும்மா, நல்லாக் கேளு!" என்று பூக்காரம்மாவே கத்தினாள். கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள், வட்டங்கள் கலைந்தன. "எங்கப்பன மூஞ்சி பாக்காம எரிச்சோம்டா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, அது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. நான் ஓடி வந்து, அதே வலது கையால், இருபத்தாறு வயதுப் பெண்ணின் வாயைப் பொத்தினேன். உன் தாடை என் உள்ளங்கைக்குள் நடுங்கியது. "கொழந்த சார், அம்மா போன துக்கம், மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் புன்னகைத்து, "பர்வாகில்லா மேஷ்ட்ரே" என்றார். பரவாயில்லை வாத்தியாரே. கூட்டம் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்கவில்லை, நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் அவருடைய ஆட்கள் இருவர் வந்து காபி குடித்துவிட்டு, ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான் எழுதினேன். ஐந்து முறை அடித்து எழுதி, கன்னடத்தில் ஒரு பிழை இல்லாமல், உணர்ச்சிவசத்தால் பொய்யான குற்றச்சாட்டைச் சொல்லிவிட்டேன் என்று உன் பெயரில் எழுதினேன். நீ படிக்கவில்லை. "எங்க சைன் பண்ணணும்?" என்று மட்டும் கேட்டாய். நாலு மாதம் கழித்துச் சென்னையில் வேலை என்றாய். அங்கே சம்பளம் அதிகம் என்று எல்லோரிடமும் சொன்னேன், அதிகம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது என் வாதம். அன்று நீ சொன்னதில் முக்கியமான செய்தி உண்மையல்ல. உன் சித்தியைத் தடுத்தது போலீஸ் அல்ல, தலைவரும் அல்ல. ஒரு காக்கிச் சட்டைக்காரர் விதியைத் தளர்த்தினார், உன் தகப்பன் அதை இறுக்கினான். ஆக, நீ அவர்மேல் எறிந்த கல் என்மேல் விழுந்திருக்க வேண்டியது. நான் பொய் சொன்னதால் நீ ஊர் நடுவில் பொய் பேசினாய். அந்தக் கடிதத்தில் "பொய்யான குற்றச்சாட்டு" என்று நான் எழுதியதும் ஒரு விதத்தில் சரிதான் என்று இத்தனை வருடமும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கணக்கின் முதல் வரி தவறு என்றால் விடை எப்படி இருந்தாலும் நான் மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டதில்லை. இந்த வழியாகத்தான் தலைப்பு நாலுக்கு வந்து சேர்ந்தேன்.

இதுவரை வெள்ளிக்கிழமை எழுதியது. ஐந்தாவதை எழுத உட்கார்ந்தபோது, உனக்குத் தெரிவதற்கு முன்பு ஃபிலோவுக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டது. நாங்கள் கன்னடத்தில் தாழ்ந்த குரலில் பேசியது கயிற்றுக்கு அப்பால் கேட்டிருக்காது, அவளும் போலீஸைத்தான் குறை நினைத்திருப்பாள் என்றே நான் நம்பிவந்தேன். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரமும் ஈஸ்டருக்குப் பிரியாணியும் எப்படி எனக்குக் கொண்டுவந்து தருவாள்? ஞாயிறு காலைப் பூசை முடிந்து, கல்யாணப் பட்டியலையும் பையில் வைத்துக்கொண்டு பொம்மனஹள்ளிக்குப் பஸ் ஏறினேன்.

அவள் வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன மாமா, சொல்லாம கொள்ளாம? யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று எழுந்தாள். உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போன வாக்கியங்களைச் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்தில் அவள் கையைக் காட்டினாள்.

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"ஹெசரு லிஸ்ட்ல இல்லான்னு சொன்னீங்க. இருபது வருஷமா கம்பெனில சூப்பர்வைசர்கிட்ட கன்னடத்துலதான் திட்டு வாங்குறேன். எனக்குக் கேக்காதா?"

இத்தனை வருடம் ரெஜியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவளுக்கு அம்மா போயாச்சு. அப்பாவையும் நான் எடுத்துக்கிட்டா எப்படி?" என்றாள், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே. "ஆனா உங்கள மன்னிச்சேன்னு நெனைக்காதீங்க. வருஷத்துல ரெண்டு நாள் பிரியாணி குடுக்கும்போது மன்னிச்ச மாதிரி இருக்கும். பஸ் ஏறி வீட்டுக்கு வர்றதுக்குள்ள போயிடும்."

சேலையைப் பற்றிக் கேட்டேன். "கட்டிட்டேன்" என்றாள். "கோடியைக் கட்டக்கூடாதும்பாங்க. லாக்டவுன் முடிஞ்சு கம்பெனி தெறந்த அன்னைக்கு அதைத்தான் கட்டிட்டுப் போனேன். எங்கக்கா கட்டலைன்னா நான் கட்டுறேன், யாரு கேக்குறது?"

அவளிடம் என் நாலாவது தலைப்பைச் சொன்னேன். ரெஜி பாவம், தவறான ஆளிடம் கோபப்பட்டுவிட்டாள், எல்லாத் தவறும் என்னுடையது என்றேன். உண்மையாகவே மனம் இறங்கித்தான் சொன்னேன். அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"என்ன மாமா பேசுறீங்க? அவ எனக்காக மட்டுமா கத்துனா? எங்க லைன்ல இருந்த பிள்ளைங்க கம்பெனி மூடினதும் மூட்டையைத் தூக்கிட்டு இந்த ரோட்டுலதான் ஊருக்கு நடந்துச்சுங்க. அதுங்கள எந்த மாமா தொரத்துனாரு? நீங்க ஒரு கேட்டுல நின்னீங்க. அந்த ஆளு ஊருக்கெல்லாம் கேட்டு போட்டுட்டு அவரு வீட்டுக் கேட்ட மட்டும் தெறந்து வச்சிருந்தாரு. நீங்க பண்ணது நம்ம வீட்டு விஷயம். அவரு பண்ணது ஊரு விஷயம். ஒண்ண வச்சு ஒண்ண மூடாதீங்க."

பிறகு, "பையில என்ன?" என்று கேட்டுப் பட்டியலை வாங்கிப் புரட்டினாள். பங்குக் கோவில் ஆட்கள் என்ற பக்கத்தில் அவள் விரல் நின்றது. பாதிரியாருக்கு அடுத்த வரியில், என் அழகான கையெழுத்தில், அந்தத் தலைவரின் பெயர் இருந்தது. நேரில் என்ற கட்டத்தில் குறி. சத்தியமாகச் சொல்கிறேன் ரெஜி, யோசித்து எழுதவில்லை. இந்தத் தெருவில் எந்தக் கல்யாணமானாலும் அவருக்குப் பத்திரிகை வைப்பது வழக்கம், வைக்காவிட்டால் கேள்வி வரும், கை தானாக எழுதியிருக்கிறது. ஃபிலோ சிரித்தாள். அந்தச் சிரிப்பைவிட அவள் அழுதிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"இவரு பேரு இருக்கு, என் பேரு இல்ல. அப்ப கல்யாணத்தன்னைக்கும் நான் வெளியதான். பரவால்ல, இவரு வந்தா கூட அம்பது பேரு வருவான். கேட்டுல நிறுத்த ஆள் வேணும் இல்ல? நீங்களே நின்னுடுங்க மாமா."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். பஸ் நிறுத்தம்வரை வந்தாள்.

ஆகவே ஐந்தாவது. முதலில் எழுத நினைத்திருந்தது மன்னிப்புக் கேட்கும் ஒரு பத்தி. மன்னிப்பு எழுதுவதில் எனக்குப் பயிற்சி அதிகம் என்பதால் அதை விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை நீ மாப்பிள்ளைக்குக் காட்டலாம், அந்த ஆட்டோக்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும்கூடக் காட்டலாம். நாளைக்கு நீயும் ஒரு வீட்டை நடத்துவாய், உன் பிள்ளை சந்தையிலோ சாலையிலோ ஏதாவது கேட்டுக் கத்தும். அது சொல்வது சரியா தவறா என்று அப்புறம் பார்த்துக்கொள். கையை மட்டும் முதலில் நீட்டிவிடாதே. வெளியிலிருந்து வரும் எந்த உத்தரவையும், உத்தரவு போட்டவனைவிட ஒரு பங்கு கூடுதலாக நிறைவேற்றுகிற ஆட்கள் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நல்ல கையெழுத்து உள்ளவர்கள். அப்படி ஒருவர் உன் வீட்டிலேயே இருந்தார் என்று நினைவில் வை.

பட்டியலை இதோடு இணைத்திருக்கிறேன். தலைவரின் பெயரை அடித்துவிட்டேன். அடித்த பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன், யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. முதல் வரியில் ஃபிலோமினா, பொம்மனஹள்ளி, நேரில். அந்தப் பத்திரிகையை நீயே வந்து அவளிடம் கொடு. என்னிடமிருந்து அவள் வாங்குவாள், ஆனால் நான் கொடுக்கத் தகுதியில்லை. பட்டியலில் என் பெயர் இல்லை. கோவிலில் உன்னைக் கைபிடித்துப் பீடம்வரை அழைத்துப் போக வேண்டியது தகப்பன். நீ பிடிக்கப்போவது அந்த வலது கையைத்தான் என்பதால், எழுதுவதை உனக்கு விடுகிறேன். பெரிய மாமா நடந்தாலும் அழகாகத்தான் இருக்கும். ஃபிலோவே நடந்தாலும் யாரும் தடுக்க மாட்டார்கள், நான் தடுக்க மாட்டேன். ஒரு வார்த்தையில் பதில் போட்டால் போதும். வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

கடைசியாக ஒன்று. முதல் பக்கத்தைத் திரும்ப எழுதலாமா என்று யோசித்து, அப்படியே விட்டிருக்கிறேன். அதில் நாலாவதாக எழுதியிருப்பது தவறு. போலீஸ் நிறுத்தியது என்று நீ சொன்ன முதல் வரி பொய், அந்தப் பொய் என்னுடையது. ஆனாலும் உன் விடை சரியாகத்தான் இருந்தது, ரெஜி. அப்படியும் ஒரு கணக்கு இருக்க முடியும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உனக்கு நான் போட்ட மதிப்பெண் தவறு.